வெயில் நாளில் குடும்பத்தோடு பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயில் காலத்தில் காலையில் கிளம்பி, பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு கிராமத்தில் பகலைக் கழித்துவிட்டு மாலையில் வீடு திரும்புவது எங்கள் வீட்டில் வருடா வருடம் நடப்பது. போய்வந்து படங்களைக் காட்டியதுமே சொந்தக்காரர்கள், கூட வேலை செய்பவர்கள், பிள்ளைகளுடைய நண்பர்களின் அம்மாக்கள் என்று யாராவது சந்தேகங்களோடு வந்துவிடுவார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அதனால் அவற்றை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறேன்.

"ஒரே நாள்ல போய்ட்டு வர எவ்வளவு தூரம் வரைக்கும் போகலாம்?"

கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். வீட்டைப் பூட்டியதிலிருந்து அந்த ஊரில் இறங்கும்வரை ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர முடியாது. திரும்பும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள், வண்டி ஓட்டுபவரும் சேர்த்து. அரை மணி நேரத் தூரத்தில் ஓர் ஊர் இருக்கிறது, ஆனால் "அங்கே என்ன இருக்கு" என்று யாரும் போனதில்லை என்றால், முதலில் அங்கேயே போங்கள்.

"காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

பொழுது விடியும்போது வண்டி தெருவைத் தாண்டியிருக்க வேண்டும். இந்தப் பயணத்தில் வேறு எதில் கோட்டை விட்டாலும் சரிசெய்துகொள்ளலாம். கிளம்புவதில் இரண்டு மணி நேரம் தாமதமானால் அதை ஈடுகட்டவே முடியாது. அதனால் மூட்டை கட்டுவது, தண்ணீர் பிடிப்பது, வண்டிச் சக்கரங்களில் காற்று பார்ப்பது எல்லாம் முந்தின நாளே முடிந்துவிட வேண்டும். காற்றழுத்தத்தைச் சக்கரம் சூடாகாமல் இருக்கும்போது பார்த்தால்தான் அளவு சரியாக இருக்கும்.

போய்ச் சேர்ந்த பிறகு கைக்கடிகாரத்தைவிட உங்கள் நிழல் நன்றாக மணி சொல்லும். உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருக்கும்வரை நடக்கலாம், சுற்றலாம். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் சூரியன் அடிவானத்திலிருந்து 45 டிகிரிக்கு மேலே ஏறிவிட்டது என்று பொருள். புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கும் நேரம் அது. அப்போது மரத்தடிக்கோ கூரைக்குக் கீழேயோ வந்துவிட வேண்டும். இது எந்த மணிக்கு நடக்கும் என்பது ஊருக்கும் மாதத்துக்கும் தகுந்தபடி மாறும். நிழல் மாறாமல் உண்மை சொல்லும்.

ஒன்றை மட்டும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள். வெயிலின் கதிர் உச்சிப்பொழுதில் கடுமையாக இருக்கும், ஆனால் காற்றின் சூடு அதற்கும் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். தரை சூடாகி, தரையிலிருந்து காற்று சூடாக நேரம் பிடிப்பதே காரணம். "பன்னிரண்டு மணி தாண்டிடுச்சே, இனி குறையும்" என்று குழந்தைகளை வெளியே விடுபவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.

"எத்தனை டிகிரிக்கு மேல போனா பயணத்தையே தள்ளி வைக்கணும்?"

ஒரே எண்ணைச் சொல்ல முடியாது, ஈரப்பதம் குறுக்கே வரும். நம் உடம்பு சூட்டை வெளியேற்றுவது வியர்வை ஆவியாவதால். வியர்வை ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாக வழிந்தால் அதனால் உடம்பு குளிராது. அதனால்தான் புழுக்கமான 33 டிகிரி, வறண்ட 38 டிகிரியைவிட மோசமாக இருக்க முடியும். இன்னொன்று, வானிலை அறிக்கையில் வரும் வெப்பநிலை நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்து அளந்தது. வெட்டவெளியில் நிற்கும் உங்கள் உடம்பு படும் சூடு அதைவிட அதிகம்.

என் கணக்கு இது: வெப்ப எச்சரிக்கை வந்திருந்தால் போவதில்லை. 40-ஐ நெருங்கினால் போவதில்லை. 35 டிகிரிதான், ஆனால் காற்றே இல்லாமல் புழுங்குகிறது என்றாலும் போவதில்லை. வெயில் காலத்தின் முதல் சில நாட்களில் இன்னும் கவனம் தேவை. சூட்டுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பருவத்தின் தொடக்கத்தில் அடிக்கும் அதே சூடு ஒரு மாதம் கழித்து அடித்தால் உடம்பு தாங்கிக்கொள்ளும்.

"ஆளுக்கு எவ்வளவு தண்ணி எடுத்துட்டுப் போகணும்?"

பெரியவர்களுக்கு ஆளுக்கு 3 லிட்டர், பள்ளிப் பிள்ளைகளுக்கு 2 லிட்டர் என்று எடுத்துவைப்பேன். கை கழுவ, துணி நனைக்க ஐந்து லிட்டர் கேன் ஒன்று தனி. மீந்தால் செடிக்கு ஊற்றிவிட்டு வரலாம். இரண்டு பாட்டில்களில் முக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி முந்தின இரவே உறைய வைத்துவிடுங்கள். வாய்வரை ஊற்றினால் உறையும்போது பாட்டில் விரிசல் விடும். காலையில் அந்தப் பாட்டில்கள் சாப்பாட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும், மதியம் உருகிக் குடிநீராகும்.

வெயிலில் நடக்கும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடிப்பது நல்லது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதற்காக ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் இரத்தத்தில் உப்பின் அளவு ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும்.

"எங்கம்மா வெளியே கிளம்பினா தண்ணியே குடிக்க மாட்டாங்க. என்ன பண்றது?"

இதைக் கேட்காதவர்களே கிடையாது. அம்மா என்பார்கள், அத்தை என்பார்கள், பாட்டி என்பார்கள். அவர்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் பிடிவாதம் இல்லை. போகிற இடத்தில் கழிப்பறை இருக்குமா, இருந்தால் கதவு இருக்குமா, எல்லோர் முன்னாலும் எப்படிக் கேட்பது என்ற கவலைதான்.

எங்கள் மாமியாரோடு போன ஒரு பயணத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். காலையில் அவர் கையில் ஒரு பாட்டில் கொடுத்தேன். பகல் முழுக்க மடியிலேயே வைத்திருந்தார். "குடிச்சீங்களா அத்தை" என்று கேட்கும்போதெல்லாம் "ஆச்சு ஆச்சு" என்றார். மூன்று மணி வாக்கில் எழுந்து நின்றவர் தூணைப் பிடித்துக்கொண்டார். பாட்டிலை வாங்கிப் பார்த்தால், மூடியில் இருந்த பிளாஸ்டிக் வளையமே உடைபடவில்லை. வயதானவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடும் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. வாய் வறண்ட பிறகும் அவர்களுக்குத் தாகம் தெரியாமல் இருக்கலாம்.

அதனால் இப்போது தண்ணீருக்கு முன்னால் கழிப்பறையைத்தான் முடிவு செய்கிறேன். வழியில் எங்கே நிறுத்துவோம், ஊரில் யார் வீட்டில் அல்லது எந்தப் பொது இடத்தில் கேட்கலாம் என்று முன்கூட்டியே விசாரித்து, கிளம்பும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுவேன். "பத்து மணிக்கு ஓரிடம் இருக்கு, ஒரு மணிக்கு ஓரிடம் இருக்கு" என்று தெரிந்தால் அவர்களே குடிப்பார்கள். "உங்களுக்குப் போகணுமா" என்று கேட்காமல், "நான் போறேன், கூட வாங்க" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் எல்லா அறிவுரைகளையும்விட அதிகம் வேலை செய்திருக்கிறது. பையில் சோப்பு, காகிதச் சுருள், பெரிய துப்பட்டா அல்லது துண்டு ஒன்று இருக்கட்டும்.

குடித்தது போதுமா என்று சிறுநீரின் நிறம் சொல்லிவிடும். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர்ந்த மஞ்சள் என்றால் போதவில்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள், பிறகு அவர்களே வந்து சொல்வார்கள்.

"தண்ணியில உப்பு சர்க்கரை கலந்து எல்லாருக்கும் கொடுக்கலாமா?"

சாதாரணமாகச் சுற்றிப் பார்க்கும் நாளில் தேவையில்லை. தண்ணீரும் வேளைக்குச் சாப்பாடும் போதும், உப்பு சாப்பாட்டிலேயே வந்துவிடும். வயிற்றுப்போக்கு, வாந்தி என்று யாருக்காவது வந்தால்தான் கரைசல் வேண்டும். அதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டைப் பையில் போட்டு வையுங்கள். பொட்டலம் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி. உப்பு கூடினால் குழந்தைகளுக்கு ஆபத்து, அதனால் கண்ணளவில் போடாதீர்கள். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் தொடர்பான தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

"சாப்பாடு கட்டிட்டுப் போகலாமா, கெட்டுடுமா?"

கட்டிக்கொண்டு போகலாம், என்ன கட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு சாதாரணமாக 2 மணி நேரம் வெளியில் இருக்கலாம், 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் 1 மணி நேரம்தான். காலை ஐந்து மணிக்குக் கட்டியதை மதியம் ஒரு மணிக்குத் திறக்கிறோம் என்பதை வைத்து யோசித்துப் பாருங்கள். பால், முட்டை, இறைச்சி கலந்தவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அல்லது குளிர்ப்பெட்டியில் வையுங்கள். உலர்ந்த தின்பண்டங்கள், தோல் உரித்துச் சாப்பிடும் பழங்கள், வறுத்தவை எல்லாம் நாள் முழுக்கத் தாங்கும்.

குளிர்ப்பெட்டிக்கு, மேலே சொன்ன உறைய வைத்த பாட்டில்களே போதும். மற்றக் குடிநீரை அதே பெட்டியில் வைக்காதீர்கள். தண்ணீருக்காக அடிக்கடி திறந்து திறந்து பெட்டியின் குளிர்ச்சி போய்விடும்.

"பிள்ளை வண்டியில வாந்தி எடுக்கிறான். இதனாலேயே எங்கயும் போறதில்லை."

2 வயதிலிருந்து 12 வயதுவரை இது அதிகம். வளர வளரப் பலருக்கும் குறைந்துவிடும், அதுவரை வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை. அசைகிறோம் என்று காது சொல்ல, அசையவில்லை என்று கண் சொல்ல, இரண்டுக்கும் நடக்கும் குழப்பம்தான் குமட்டல். அதனால் கையில் புத்தகமோ போனோ இல்லாமல் தூரத்தில் தெரியும் மலையையோ மரங்களையோ பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

"குழந்தை தூங்கிடுச்சு, அஞ்சு நிமிஷம் தானே, காரிலேயே விட்டுட்டு இறங்கலாமா?"

கூடாது. ஐந்து நிமிடம் என்று எந்த ஊரிலும் ஐந்து நிமிடத்தில் முடிந்ததில்லை. வெளியே 32 டிகிரி இருக்கும்போது மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் சுமார் 43, அரை மணி நேரத்தில் சுமார் 51 டிகிரி ஆகிவிடும். ஜன்னலை விரலளவு இறக்கிவைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். தூக்கம் கலைந்தால் கலையட்டும், தூக்கிக்கொண்டு இறங்குங்கள். நாய்க்குட்டியைக் கூட்டிப் போனாலும் இதே பதில்தான்.

வெயிலில் நின்ற வண்டியில் திரும்ப ஏறும்போதும் ஒன்று கவனியுங்கள். சீட் பெல்ட்டின் இரும்புக் கொக்கியை முதலில் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். என் மகளுக்கு நான்கு வயதில் தொடையில் அது பட்டு, கொக்கியின் வடிவத்திலேயே செவசெவ என்று தடம் விழுந்தது. அன்றிலிருந்து இறங்கும்போதே இருக்கை மேல் வெள்ளைத் துண்டு ஒன்றைப் போர்த்திவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறோம்.

"கைக்குழந்தையைக் கூட்டிட்டுப் போகலாமா? அஞ்சு மாசம் ஆகுது."

என்னைக் கேட்டால் வெயில் தணியும்வரை காத்திருங்கள் என்பேன். போயே ஆக வேண்டும் என்றால், ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு வெயில் என்பதற்காகத் தண்ணீர் கொடுக்காதீர்கள். பால்தான், வழக்கத்தைவிட அடிக்கடி. தாய்ப்பால் கொடுப்பவர் அதற்கேற்ப நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இந்த வயதுக் குழந்தைக்கு வெயில் பூச்சும் (சன்ஸ்கிரீன்) வேண்டாம், நேர் வெயில் படாமல் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு.

தள்ளுவண்டியைத் துணியால் மூடி நிழல் ஏற்படுத்துகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் உள்ளே காற்றோட்டம் நின்று, வெளியில் இருப்பதைவிடச் சூடு அதிகமாகிவிடும். குடை பிடியுங்கள், அல்லது மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன துணி போடணும்? வெயில் பூச்சு அவசியமா?"

தொளதொளவென்று, முழுக்கை, நெருக்கமாக நெய்த பருத்தி. அகல விளிம்புத் தொப்பி. காலுக்குச் செருப்பைவிட மூடிய ஷூ நல்லது, காரணம் கீழே பாம்புக் கேள்வியில் வருகிறது. துணி மறைக்காத முகம், கழுத்து, புறங்கைக்குப் பூச்சு வேண்டும். வெளியே இறங்க 20 நிமிடத்துக்கு முன்னால் பூசுங்கள், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். பூச்சு டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். என்ற பாதுகாப்பு எண் 30 இருந்தால் போதும். அது தோலைச் சுடும் புற ஊதாக் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கிறது. இரண்டு மடங்கு விலை கொடுத்து அதற்கு மேல் வாங்கினாலும் கூடுவது ஒன்றிரண்டு சதவீதம்தான்.

"அந்த ஊர்ல தெரிஞ்சவங்க யாருமே இல்லை. சும்மா போய் இறங்கலாமா?"

இறங்கலாம். இறங்கியதும் கேமராவை எடுக்காதீர்கள், முதலில் ஆட்களிடம் பேசுங்கள். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், கடை வைத்திருப்பவர் என்று யாராவது இருப்பார்கள். எங்கிருந்து வருகிறோம், குழந்தைகளுக்கு ஊரைக் காட்ட வந்திருக்கிறோம், மாலையில் கிளம்பிவிடுவோம் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். எங்கே நிழல் இருக்கிறது, எந்தக் கிணற்றுக்கு மதில் இல்லை, எந்த வழியில் நாய் துரத்தும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். எந்த வரைபடத்திலும் இந்த விவரம் கிடைக்காது.

வயலும் தோப்பும் அடுத்தவருடைய உழைப்பு. கேட்காமல் இறங்கக் கூடாது, மருந்து தெளித்திருக்கவும் கூடும். மூடியிருந்த படலை மூடியே விடுங்கள், திறந்திருந்ததைத் திறந்தே விடுங்கள். மனிதர்களைப் படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள், குழந்தைகளை எடுப்பதென்றால் அவர்களின் பெற்றோரைக் கேளுங்கள். கன்றோடு நிற்கும் மாட்டின் பக்கம் பிள்ளைகள் போகவே கூடாது. சாதுவான மாடும் கன்றைக் காக்க முட்டும். கொண்டுபோன குப்பை முழுக்கத் திரும்ப வீட்டுக்கு வர வேண்டும்.

"பார்க்க ஒண்ணுமே இல்லையே, பிள்ளைங்க பகல் முழுக்க என்ன பண்ணுவாங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கும். நம் நிழல் குட்டையாக இருக்கும் நேரம் முழுக்க மரத்தடியிலோ கூரைக்குக் கீழேயோ இருக்க வேண்டும் என்று மேலே சொன்னேன் இல்லையா, பயணத்தில் பிள்ளைகள் மறக்காமல் இருப்பது அந்த நேரத்தைத்தான்.

ஒரு குச்சியை மண்ணில் நேராக நட்டு, அதன் நிழல் முனையில் ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் கழித்து இன்னொரு கல். நிழல் நகர்வதைக் கல்லில் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். குச்சியின் நிழலும் குச்சியின் உயரமும் சமமாகும் நேரத்தில், எதிரே நிற்கும் மரத்தின் நிழலை அடியெடுத்து அளந்தால் அதுதான் மரத்தின் உயரம். ஏறாமலேயே அளந்தாகிவிட்டது. நடப்பதை நிறுத்தச் சொன்னேனே, அதே நேரம்தான் இது. மாலையிலும் ஒருமுறை வரும், அப்போது அளந்து காலையில் வந்த அளவு சரிதானா என்று பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், தகரக் கூரை நிழலில் ஐந்து நிமிடம், மரத்தடியில் ஐந்து நிமிடம் உட்காரவைத்து எது குளுமை என்று கேளுங்கள். தகரம் வெயிலைத் தாங்கிச் சூடேறி அந்தச் சூட்டைத் தலைக்கு மேல் இறக்கும். மரமோ இலைகள் வழியே நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும், நம் உடம்பு வியர்ப்பது போலத்தான். எறும்புச் சாரை ஒன்றைக் காட்டி, அது எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. என் மகன் ஒரு வருடம் சாரையைப் பின்தொடர்ந்து, அது ஒரு பட்டுப்போன மரத்தின் வேரடியில் மறைந்ததைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "அம்மா, அவங்க வீடு கிடைச்சிடுச்சு" என்றான். அந்த நாளில் நாங்கள் எதைச் சாப்பிட்டோம் என்பதுகூட எனக்கு நினைவில்லை.

"கிணறு, குளத்துல பிள்ளைங்களை இறக்கலாமா? வெயிலுக்கு நல்லா இருக்குமே."

ஊர்க்காரர்கள் "இங்கே இறங்கலாம்" என்று காட்டிய இடத்தில், முட்டியளவு தண்ணீரில், நீந்தத் தெரிந்த ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் நின்றால் மட்டும். கிணற்றில் வேண்டவே வேண்டாம். குளத்தில் மண் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது. ஓரடி தள்ளி ஆளுயரப் பள்ளம் இருக்கும். பெரியவர்கள் நான்கு பேர் கரையில் இருந்தாலும் நீ பார்ப்பாய் என்று நானும், நான் பார்ப்பேன் என்று நீயும் இருந்துவிடுகிறோம். அதனால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்பு கொடுங்கள். அந்த நேரம் அவர் கையில் போன் இருக்கக் கூடாது. மூழ்குகிற குழந்தை கத்தாது, சத்தமில்லாமல்தான் மூழ்கும்.

யாராவது தத்தளித்தால் குதிக்காதீர்கள். கயிறு, துப்பட்டா, கம்பு, மூடிய காலி கேன் எது கிடைத்தாலும் வீசுங்கள், கரையில் படுத்தபடி இழுங்கள்.

"கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. குடிக்கலாமா?"

தெளிவு வேறு, சுத்தம் வேறு. கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஊர்க்காரர்கள் தினமும் அதையே குடிக்கலாம், அவர்கள் வயிற்றுக்குப் பழகியிருக்கும். கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டால், தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்து ஆறிய பிறகு குடியுங்கள். உரமும் மருந்தும் கலந்திருந்தால் கொதிக்க வைத்தாலும் போகாது, அதனால் வயலை ஒட்டிய கிணறு என்றால் அதுவும் வேண்டாம். முகம் கழுவ, துணி நனைக்க தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

"பாம்பு, நாய், தேனீ... நினைச்சாலே பயமா இருக்கு."

மூடிய ஷூவும், புதரில் கை விடாமல் இருப்பதும், பார்த்துக் காலெடுத்து வைப்பதும் பாம்புக் கடியைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும். கடித்துவிட்டால் கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது மூன்றும் தீங்கு. பாம்பைத் தேடி அடிக்கப் போக வேண்டாம்.

நாய் கடித்தாலோ பல் லேசாகக் கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசி போட வேண்டும். "வீட்டு நாய்தானே" என்று விடக் கூடாது. தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே எடுத்துவிடுங்கள், எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதே முக்கியம். கொட்டிய பிறகு மூச்சுத் திணறினாலோ உதடு வீங்கினாலோ, ஒரு நிமிடமும் வீணாக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

"மாத்திரை, இன்சுலின் எல்லாம் எப்படி வைக்கிறது?"

காருக்குள் எவ்வளவு சூடாகும் என்று மேலே படித்தீர்கள், அங்கே மருந்தை வைக்கவே கூடாது. எல்லா மருந்தும் உங்கள் தோள்பையில். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பொதுவாக 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, உறைந்தும் போகக் கூடாது. அதனால் ஐஸ் பாட்டிலோடு நேராக ஒட்டிவைக்காமல் துணி சுற்றி வையுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தானாக நிறுத்த வேண்டாம்.

"ஒருத்தருக்குத் தலை சுத்துதுன்னு சொன்னா என்ன செய்யணும்? எப்போ பயப்படணும்?"

தலைசுற்றல், நிறைய வியர்வை, குமட்டல், சோர்வு, தசைப்பிடிப்பு என்றால் அது வெப்பக் களைப்பு. நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, துணியைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, விசிறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். அரை மணி நேரத்துக்குள் தெளிந்துவிட வேண்டும். தெளியவில்லை என்றால் மருத்துவமனை.

பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், நடை தள்ளாடினால், வலிப்போ மயக்கமோ வந்தால் அது வெப்பத் தாக்கம். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும், உயிருக்கே ஆபத்து. தோல் வறண்டிருக்க வேண்டும் என்று இல்லை, வியர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வரும். அவசர உதவியை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் கைவசம் இருக்கும் அத்தனை தண்ணீரையும் உடம்பு முழுக்க ஊற்றி விடாமல் விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

குழந்தைகளிடம் அடையாளம் வேறு. "தலை சுத்துது" என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை சத்தம் அடங்கி உட்கார்ந்துவிட்டால், "சமர்த்தா இருக்கான்" என்று விடாமல் எழுந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்.

"மத்தியானத்துக்கு மேல இடி இடிச்சா?"

சத்தம் கேட்டதுமே கான்கிரீட் கட்டடத்துக்குள் அல்லது மூடிய காருக்குள் போய்விடுங்கள். பகல் முழுக்க நிழல் கொடுத்த மரம் அந்த நேரத்தில் ஆகாது. கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் கழிந்துதான் வெளியே வர வேண்டும்.

"அப்பாவுக்கு 78 வயசு, இதய நோய். வந்தே ஆகணும்னு சொல்றார். அது அவர் பிறந்த ஊர்."

இதற்கு வெறுமனே "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. முதலில் அவருடைய மருத்துவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அவர் சரி என்றால், வெயில் தொடங்கும் முன்போ தணிந்த பின்போ ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். இந்த மாதமே போக வேண்டும் என்றால் பயணத்தை அவருக்காகச் சுருக்குங்கள். விடியலில் போய், அவர் பார்க்க நினைக்கும் ஓரிரு இடங்களை மட்டும் பார்த்து, நிழல் குட்டையாகும் முன்பே திரும்பிவிடுங்கள். எங்கே போக வேண்டும் என்று அவரையே முந்தின நாள் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு வீடு, ஒரு மரம், ஒரு மனிதர் என்று பட்டியல் மூன்றுக்குள் முடிந்துவிடும்.

"திரும்பி வரும்போது ஓட்டுறவருக்குத் தூக்கம் வருதே?"

மதியம் இரண்டிலிருந்து நான்குவரை உடம்பே தூக்கம் கேட்கும் நேரம், வெயிலும் சேர்ந்தால் சொல்ல வேண்டாம். ஜன்னலைத் திறப்பதும் பாட்டுப் போடுவதும் உதவாது. மரத்தடி நேரத்தில் ஓட்டுபவருக்கு மட்டும் கட்டாயமாக அரை மணி நேரத் தூக்கம், பிள்ளைகளை அவர் பக்கம் விடாதீர்கள். வழியில் கண் சொருகினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 15, 20 நிமிடம் தூங்கிவிட்டு ஓட்டட்டும்.

"எல்லாரும் ஜாலியா இருக்கும்போது ஒருத்தர் மட்டும் 'கிளம்பலாம்'னு சொன்னா?"

கிளம்பிவிடுங்கள். எங்கள் வீட்டில் இதைக் கிளம்பும் முன்பே பேசிவைத்திருக்கிறோம். யார் சொன்னாலும், பாட்டி சொன்னாலும் ஆறு வயதுப் பிள்ளை சொன்னாலும், ஏன் என்று கேட்காமல் கால் மணி நேரத்தில் வண்டி எடுக்கிறோம். காரணம் கேட்டால் சொல்லக் கூச்சப்படுவார்கள். கழிப்பறையாக இருக்கலாம், தலைவலியாக இருக்கலாம், மாத்திரையை மறந்திருக்கலாம். மற்றவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் கடைசியில் தூணைப் பிடித்துக்கொள்கிறார். கடந்த முறை பதினோரு மணிக்கே திரும்பினோம், சொன்னவள் என் சின்ன மகள். நட்ட குச்சியும் இரண்டு கற்களும் அங்கேயே இருக்கின்றன. அடுத்த முறை மூன்றாவது கல்லை அவள்தான் வைப்பாளாம்.